வெறும் வண்டியில் மட்டும் கேட்ட 'கீச்' சத்தம்

மாணவர்களே, உங்கள் வீட்டிலும் இது நடந்திருக்கலாம். அப்பாவின் காரில் ஒரு வாரமாக ஏதோ ஒரு சத்தம். வொர்க்ஷாப்பில் கொண்டுபோய் நிறுத்தினால் அந்தச் சத்தம் காணாமல் போய்விடும். மெக்கானிக் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஒன்னும் இல்லையே" என்பார். வீடு திரும்பும் வழியில் மறுபடியும் அதே சத்தம்! டாக்டரைப் பார்த்ததும் பல்வலி நின்றுவிடுவது போலத்தான் இதுவும்.

எப்போதும் கேட்கும் சத்தத்தைக் கண்டுபிடிப்பது எளிது. வந்து வந்து போகும் சத்தம்தான் கடினம். ஆனால், அது வருவதற்கும் போவதற்கும் கட்டாயம் ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணத்தைத் தேட விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். நீங்கள் தமிழ்ப்பள்ளியில் படித்த தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி ஆகிய மூன்றும் போதும். எங்கள் குடும்பத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு இதை விளக்குகிறேன்.

செம்மண் பாதையில் ஒரு பிக்கப்

என் சித்தப்பா சுங்கை சிப்புட் பக்கம் இருக்கிறார். அவர் வீட்டைச் சுற்றி ஒரு காலத்தில் பால்மரத் தோட்டம் இருந்தது. 1877-இல் குவாலா கங்சாரில் நடப்பட்ட ரப்பர் மரங்களைப் பற்றி வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அதன்பின் பேராக் முழுவதும் ரப்பர் தோட்டங்கள் பரவின. இன்று அவற்றில் பல செம்பனைக்கு மாறிவிட்டன. மரம் மாறினாலும் பாதை மாறவில்லை. அதே செம்மண், அதே பள்ளம், மழை பெய்தால் அதே சேறு. சித்தப்பாவுக்குச் சிறிதளவு செம்பனை நிலம் உண்டு. குலைகளை ஏற்றிச் செல்ல ஒரு பழைய நான்கு சக்கர இயக்கப் பிக்கப் வைத்திருக்கிறார். அவர் பிழைப்பே அந்த வண்டியில்தான்.

ஒரு நாள் வண்டியின் அடியிலிருந்து 'கீச்... கீச்... கீச்' என்று சத்தம் வந்தது. மெதுவாகப் போனால் மெதுவாகக் கேட்டது. வேகம் கூடினால் சத்தமும் வேகமாகக் கேட்டது. சில நாள்கள் வரும், சில நாள்கள் வராது. ஒரு வொர்க்ஷாப்பில் பின்சக்கரப் பேரிங்கை மாற்றினார்கள். நானூறு வெள்ளிக்கு மேல் செலவானது. மூன்றே நாளில் சத்தம் திரும்பி வந்துவிட்டது. வேறோர் இடத்தில் கேட்டபோது, "பின்னால் இருக்கும் டிஃபரன்ஷியலைப் பிரித்துப் பார்க்க வேண்டும், இரண்டாயிரம் வெள்ளிக்கு மேல் ஆகும்" என்றார்கள்.

அந்த இரண்டாயிரம் வெள்ளி, சித்தப்பாவின் மகன் பல்கலைக்கழகத்தில் சேரும்போது கட்டுவதற்காக எடுத்து வைத்திருந்த பணம். "இதையும் மாற்றி, சத்தம் போகலைன்னா என்னம்மா செய்யறது?" என்று சித்தப்பா என்னிடம் கேட்டார். நான் மெக்கானிக் இல்லை; அறிவியல் ஆசிரியை. ஆனால், அவர் கேட்டது அறிவியல் கேள்வி. எதையும் மாற்றுவதற்கு முன், எது கெட்டிருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் குறிப்பேடு

சித்தப்பாவின் மகள் படிவம் 4 படிக்கிறாள். அப்போது பள்ளி விடுமுறை. "அப்பாவோடு வண்டியில் போய் வா. சத்தம் வந்தாலும் எழுது, வராவிட்டாலும் எழுது" என்று சொன்னேன். "வராததை எதுக்குக்கா எழுதணும்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. சத்தம் வராத நேரங்களைக் குறிக்காவிட்டால், வந்த நேரத்தில் என்ன வேறுபட்டது என்று ஒப்பிட முடியாது.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் கட்டங்கள் போட்டாள். நேரம், மழையா வெயிலா, வண்டியில் சுமை உண்டா, வேகம், நேர்ப்பாதையா வளைவா, எண்ணெய் மிதிக்கும்போதா விடும்போதா, இரு சக்கர இயக்கமா நான்கு சக்கர இயக்கமா, சத்தம் உண்டா இல்லையா. இரண்டு வாரத்தில் 31 பயணங்கள் பதிவாயின.

முதலில் பார்த்தபோது எந்த ஒழுங்கும் தெரியவில்லை. வெறும் வண்டியிலும் சத்தம் வந்திருந்தது, சுமை ஏற்றிய வண்டியிலும் மூன்று முறை வந்திருந்தது. "அந்த மூன்று முறையும் இதே கீச் சத்தம்தானா?" என்று கேட்டேன். அவள் யோசித்தாள். "இல்லக்கா, அது கீச் இல்ல. முறுமுறுன்னு முனகற மாதிரி. குலை இறக்கற இடத்துல, சிமெண்ட் தரையில வண்டிய வளைக்கும்போது."

அங்கேதான் முதல் முடிச்சு அவிழ்ந்தது. அவை இரண்டு வேறு சத்தங்கள். இரண்டையும் 'சத்தம்' என்று ஒரே பெயரில் எழுதியதால் பதிவு குழம்பிவிட்டது.

முனகல் பழுதன்று

இந்த முனகலுக்குக் கணிதத்திலேயே விடை இருக்கிறது. வண்டி வளையும்போது முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் ஒரே தூரம் ஓடுவதில்லை. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 3 மீட்டர் என்று கொள்வோம். பின் அச்சின் நடுப்பகுதி 6 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் போகிறது. பித்தாகரஸ் தேற்றத்தின்படி முன் அச்சின் நடுப்பகுதி செல்லும் ஆரம், 36 + 9 = 45 என்பதன் வர்க்கமூலம்; அதாவது ஏறக்குறைய 6.7 மீட்டர். ஒரு முழு வட்டம் சுற்றினால் பின் அச்சு 37.7 மீட்டர் போகும். முன் அச்சோ 42.1 மீட்டர் போக வேண்டும். நான்கு மீட்டருக்கு மேல் வேறுபாடு!

சித்தப்பாவின் பிக்கப் போன்ற வண்டிகளில், நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டதும் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒன்றாகப் பூட்டப்படும். இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுழலும். சேற்றில் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த வேறுபாட்டைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த சிமெண்டிலும் தாரிலும் சக்கரம் எளிதில் வழுக்காது. அதனால் ஷாஃப்டுகளும் பற்சக்கரங்களும் முறுக்கேறி முனகும். சித்தப்பா செம்மண் பாதை முடிந்தும் இரு சக்கர இயக்கத்துக்கு மாற்ற மறந்திருக்கிறார். வண்டியில் பழுது இல்லை. ஆனால் இந்தப் பழக்கம் தொடர்ந்தால் பழுது வரும். அன்றிலிருந்து மகள் நினைவூட்ட, அவர் மாற்றிவிடுகிறார். அந்த முனகல் போயே போய்விட்டது.

இப்போது மிச்சம் இருப்பது 'கீச்' மட்டும். பதிவை மறுபடி எண்ணினோம். சுமையோடு போன 14 பயணங்களில் ஒருமுறைகூடக் கீச் இல்லை. வெறும் வண்டியாகப் போன 17 பயணங்களில் 11 முறை கீச் வந்தது. வராத 6 பயணங்களில் 5, மழை பெய்து பாதை நனைந்திருந்த நேரம். மிச்சம் ஒன்றுக்கு மட்டும் காரணம் கிடைக்கவில்லை. அதை அழிக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று சொன்னேன். பொருந்தாத ஒன்றை மறைப்பது அறிவியல் ஆகாது.

வொர்க்ஷாப்பில் ஏன் சத்தம் வரவில்லை என்பதும் புரிந்தது. சித்தப்பா எப்போதும் குலைகளை ஏற்றிக்கொண்டு போகும் வழியில்தான் வொர்க்ஷாப்பில் நிறுத்துவார். சுமை இருந்தால் சத்தம் இல்லை! மெக்கானிக் மீது தவறில்லை. அவர் காதுக்கு அந்தச் சத்தம் போய்ச் சேரவே இல்லை.

சத்தத்தை எண்ணுவோம்

வண்டியின் அடியில் என்னென்ன சுழல்கின்றன? இயந்திரத்தின் ஆற்றல் கியர்பெட்டிக்குப் போகிறது. அங்கிருந்து டிரான்ஸ்ஃபர் கேஸ் என்னும் பெட்டிக்கு வருகிறது. இந்தப் பெட்டிதான் ஆற்றலைப் பின்சக்கரங்களுக்கு மட்டும் அனுப்புவதா, முன்சக்கரங்களுக்கும் சேர்த்து அனுப்புவதா என்று பிரிக்கிறது. அங்கிருந்து நீளமான இரும்புக் குழாய் ஒன்று பின்னால் ஓடுகிறது. இதுவே புரொப்பெல்லர் ஷாஃப்ட். அது டிஃபரன்ஷியலில் உள்ள சிறிய பற்சக்கரத்தைச் சுழற்ற, அது பெரிய பற்சக்கரத்தைச் சுழற்ற, கடைசியில் சக்கரம் உருள்கிறது.

சிறிய பற்சக்கரத்தில் 11 பற்கள், பெரியதில் 43 பற்கள் என்று வைத்துக்கொள்வோம். 43-ஐ 11-ஆல் வகுத்தால் 3.91. அதாவது சக்கரம் ஒருமுறை சுற்றினால் ஷாஃப்ட் ஏறக்குறைய 4 முறை சுற்றும். ஆகவே, ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு தனித் தாளம் உண்டு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டியில், 2.44 மீட்டர் சுற்றளவுள்ள டயர் நொடிக்கு 7 முறை சுற்றும். ஷாஃப்ட் 27 முறை சுற்றும். பற்கள் ஒன்றோடொன்று கடிப்பது நொடிக்கு 294 முறை. 294 ஹெர்ட்ஸ் என்பது ஒரு கட்டைச் சுருதியில் நீங்கள் பாடும் 'ரி' சுவரத்துக்கு மிக அருகில் இருக்கிறது! தேய்ந்த டிஃபரன்ஷியல் கீச்சென்று விட்டு விட்டுக் கத்தாமல், ஊளையிடுவது போல் ஒரே சுருதியில் இழுப்பது இதனால்தான்.

எனவே சத்தத்தை எண்ணினால், எந்தப் பாகம் என்பதை நெருங்கிவிடலாம். வீட்டுக்கு முன்னால் இருக்கும் தனிப் பாதையில் 10 மீட்டர் அளந்து இரண்டு கோடு போட்டோம். சித்தப்பா வெறும் வண்டியை நடக்கும் வேகத்தில் ஓட்டினார். மகள் உள்ளே உட்கார்ந்து கைப்பேசியில் ஒலியைப் பதிவு செய்தாள். 10 மீட்டரில் சக்கரம் 4.1 முறை சுற்றும். சத்தம் சக்கரத்தில் இருந்தால் 4 கீச் கேட்க வேண்டும். ஷாஃப்டில் இருந்தால் 4.1-ஐ 3.91-ஆல் பெருக்கினால் வரும் 16, அல்லது சுற்றுக்கு இரண்டு வீதம் 32.

பதிவைப் போட்டு எண்ணினோம். முதல் ஓட்டத்தில் 15. இரண்டாவதில் 16. மூன்றாவதிலும் 16.

சக்கரப் பேரிங்கை மாற்றியதால் ஏன் பயன் இல்லை என்பது அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. அடுத்து, வண்டி உருளும்போது கியரை நியூட்ரலில் போட்டுப் பார்த்தார். இயந்திரத்தின் வேகம் குறைந்தது, கீச் குறையவில்லை. ஆகவே இயந்திரமும் கிளட்சும் குற்றவாளிகள் அல்ல. ஷாஃப்டின் வேகத்தில் சுழலும் பாகங்கள் மட்டுமே மிஞ்சின. கியர்பெட்டியின் பின்பக்கம், டிரான்ஸ்ஃபர் கேஸ், ஷாஃப்டும் அதன் மூட்டுகளும், டிஃபரன்ஷியலின் சிறிய பற்சக்கரம்.

இவற்றில் எது, வண்டியில் சுமை ஏற்றினால் மாறும்?

ஒரே வண்டியில் இரண்டு ஹூக்

ராபர்ட் ஹூக் என்ற பெயர் உங்களுக்குத் தெரியும். 1665-இல் தக்கைத் துண்டை நுண்ணோக்கியில் பார்த்து அதன் சிறு அறைகளுக்கு 'செல்' என்று பெயர் வைத்தவர். 1678-இல் வில்லின் விசைக்கும் நீட்சிக்கும் உள்ள தொடர்பை வெளியிட்டவர். இயற்பியல் பாடத்தில் வரும் ஹூக் விதி இதுதான். அதே ஹூக் அதே 1670-களில் இன்னொன்றையும் விளக்கினார். ஒன்றுக்கொன்று சாய்வாக இருக்கும் இரண்டு தண்டுகளுக்கிடையே சுழற்சியைக் கடத்தும் ஒரு மூட்டு அது. இன்று யுனிவர்சல் ஜாயிண்ட் என்கிறோம். ஹூக் ஜாயிண்ட் என்ற பெயரும் உண்டு.

ஷாஃப்டின் இரு முனைகளிலும் இந்த மூட்டு இருக்கிறது. நடுவில் சிலுவை வடிவத்தில் ஓர் இரும்புத் துண்டு. அதன் நான்கு கைகளிலும் நான்கு மூடிகள். மூடிக்குள் ஊசி போன்ற மெல்லிய உருளைகள். அவை வழுக்கி ஓட கிரீஸ். ஷாஃப்ட் சாய்வாக இருக்கும்போது, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை அந்த மூடிகள் முன்னும் பின்னும் ஆடும். சாய்வு அதிகமானால் ஆட்டமும் அதிகம். சாய்வே இல்லையென்றால் ஆட்டமே இல்லை.

இப்போது வண்டியின் பின்புறத்தைக் கற்பனை செய்யுங்கள். பின் அச்சு, பட்டை வில்களின் மேல் நிற்கிறது. வெறும் வண்டியில் பின்பக்கம் உயரமாகத் தூக்கி நிற்கும். ஷாஃப்ட் கீழ்நோக்கி அதிகமாகச் சாய்ந்திருக்கும். செம்பனைக் குலைகளை ஏற்றியதும் ஹூக் விதிப்படி வில்கள் தாழும். ஷாஃப்டின் சாய்வு குறையும். மூட்டின் ஆட்டமும் குறையும். ஹூக்கின் வில் தாழ்ந்தபோது ஹூக்கின் மூட்டு வாய் மூடியது! கிரீஸ் வற்றிய மூட்டு வெறும் வண்டியில் மட்டும் கத்துவதற்கு இது பொருத்தமான விளக்கம்.

மழை நாளில் ஏன் கத்தவில்லை? உள்ளே புகுந்த தண்ணீர் கொஞ்ச நேரம் எண்ணெய் போலச் செயல்பட்டிருக்க வேண்டும். ஆனால் அதே தண்ணீர்தான் கிரீஸைக் கழுவிவிட்டு, காய்ந்த பிறகு துருவை விட்டுச் செல்கிறது. சத்தத்தை நிறுத்திய மழையே நோயை வளர்த்திருக்கிறது.

கருதுகோள் கிடைத்துவிட்டது: பின் ஷாஃப்டின் ஒரு மூட்டில் கிரீஸ் வற்றியிருக்கிறது. அதைச் சோதிக்க வேண்டும். வண்டியில் குலைகளுக்குப் பதிலாக உர மூட்டைகளை ஏற்றி அதே 10 மீட்டர் ஓட்டினோம். சத்தம் இல்லை. மூட்டைகளை இறக்கியதும் 16 கீச் வந்தது. பாதை, வேகம், வெயில் எதுவும் மாறவில்லை. சுமை ஒன்றுதான் மாறியது. படிவத்தில் 'பெம்போலே ஊபா' என்று மூன்று வகை எழுதுகிறீர்களே, அது தேர்வுத் தாளுக்கு மட்டுமானதன்று.

சிவப்புத் தூள்

குறிப்பேட்டையும் ஒலிப்பதிவையும் எடுத்துக்கொண்டு, இந்த முறை வெறும் வண்டியாகவே வொர்க்ஷாப்புக்குப் போனார் சித்தப்பா. மெக்கானிக் பதிவைக் கேட்டார். நோட்டைப் புரட்டினார். பிறகு வண்டியைத் தூக்கி, ஷாஃப்டின் பின் மூட்டில் டார்ச் அடித்தார். ஒரு மூடியின் ஓரத்தில் செங்கல் பொடி போன்ற சிவப்புத் தூள். துரு! கையால் அசைத்துப் பார்த்தபோது மூட்டில் லேசான ஆட்டம் இருந்தது.

சிலுவையைக் கழற்றிப் பார்த்தால் ஒரு மூடிக்குள் கிரீஸே இல்லை. ஊசி உருளைகள் துருப்பிடித்து, சிலுவையின் கையில் கோடு கோடாகப் பள்ளம் போட்டிருந்தன. புதிய சிலுவைக்கும் கூலிக்கும் சேர்த்து இருநூறு வெள்ளிக்குள் முடிந்தது.

கழற்றும் முன் மெக்கானிக் செய்த ஒரு வேலையை மகள் கவனித்தாள். ஷாஃப்டிலும் அது பொருந்தும் இடத்திலும் வெள்ளைப் பெயிண்டால் கோடு போட்டார். அதற்கும் காரணம் உண்டு. சாய்ந்த மூட்டு ஒன்று சுழற்சியைச் சீராகக் கடத்தாது. 10 பாகை சாய்வில், ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகம் 1.5 விழுக்காடு கூடிக் குறையும். முன் மூட்டு உண்டாக்கும் இந்த ஏற்றத்தாழ்வைப் பின் மூட்டு எதிராக உண்டாக்கிச் சமன் செய்கிறது. பூட்டும்போது திசை மாறிவிட்டால் சமன் கெட்டு வண்டி அதிரும். அந்த மெக்கானிக் சூத்திரம் எழுதிப் பார்க்கவில்லை. ஆனால், சூத்திரம் சொல்வதை அவர் கை அறிந்திருந்தது.

இதைக் கவனிக்காமல் விட்டிருந்தால்? ஊசி உருளைகள் நொறுங்கி, ஓடும்போதே மூட்டு உடையலாம். ஷாஃப்டின் முன்முனை கழன்று சாலையில் விழுந்தால் உயிருக்கே ஆபத்து. சித்தப்பா மிச்சப்படுத்தியது பணத்தை மட்டுமன்று.

காது சொல்லும் குறிப்புகள்

எல்லா வண்டிச் சத்தமும் மூட்டுச் சத்தமன்று. சில பொதுவான அடையாளங்களை நினைவில் வையுங்கள்.

• வேகத்தோடு கூடும் உறுமல், இடப்பக்கம் வளைக்கும்போது அதிகமானால் வலப்பக்கச் சக்கரப் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். வளைவில் எடை வெளிப்பக்கம் சாய்வதே காரணம்.

• ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பி நகரும்போது 'டக் டக் டக்' என்றால், முன்சக்கரத் தண்டின் மூட்டு தேய்ந்திருக்கலாம்.

• எண்ணெய் மிதிக்கும்போது ஊளை, விட்டதும் சுருதி மாறினால், டிஃபரன்ஷியலின் பற்சக்கரங்களைப் பார்க்க வேண்டும்.

• வண்டி கிளம்பும் நொடியில் ஒரே ஒரு 'டொங்' என்றால், எங்கோ ஒரு மூட்டில் இடைவெளி விழுந்திருக்கிறது.

இவை முடிவுகள் அல்ல. தொடக்கக் கருதுகோள்கள் மட்டுமே. ஒன்றையும் மறவாதீர்கள்: ஜாக்கி மட்டும் தாங்கும் வண்டியின் அடியில் யாரும் போகக்கூடாது. சுழலும் ஷாஃப்டின் அருகே கையோ துணியோ முடியோ போகக்கூடாது. ஓட்டுவதும் கழற்றுவதும் பெரியவர்களின் வேலை. கேட்பதும் எண்ணுவதும் எழுதுவதும் உங்கள் வேலை.

செய்து பாருங்கள்

உங்கள் சைக்கிளில் 'டிக்' என்று ஒரு சத்தம் வருகிறதா? பெடலைச் சுற்றி எண்ணுங்கள். பெடல் ஒரு சுற்றுக்கு ஒரு டிக் என்றால், பெடலிலோ அதன் அச்சிலோ கோளாறு. சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒன்று என்றால் சக்கரத்தில். இரண்டும் இல்லையா? சங்கிலியின் கண்ணிகளை எண்ணுங்கள். 110 கண்ணிகள் என்றும், முன் பற்சக்கரத்தில் 44 பற்கள் என்றும் வைத்துக்கொண்டால், 110-ஐ 44-ஆல் வகுக்க 2.5. பெடல் இரண்டரை சுற்று சுற்றியதும் ஒரு டிக் வந்தால், சங்கிலியில் ஒரு கண்ணி இறுகியிருக்கிறது. உங்கள் சைக்கிளின் எண்களைப் போட்டுக் கணக்கிட்டுப் பாருங்கள்.

சித்தப்பாவின் பிக்கப் இப்போது அமைதியாக ஓடுகிறது. மாதம் ஒருமுறை மூட்டுகளுக்குக் கிரீஸ் அடிக்கிறார். சேற்றில் இறங்கி வந்தால் மறுநாளே அடிக்கிறார். அந்த நோட்டுப் புத்தகம் இன்னும் வண்டியின் முன்பெட்டியில் இருக்கிறது. போன வாரம் நான் போயிருந்தபோது எடுத்துப் பார்த்தேன். காரணம் தெரியாத அந்த ஒரு பயணத்தின் பக்கத்தில் அவள் போட்ட கேள்விக்குறி அப்படியே இருந்தது.